ரொட்டியைப் பிடிக்க இன்னொரு கை

மில்யானாவைப் போல நல்லவள் உண்டா என்று வார்டில் யாராவது ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நல்லவள்தான், யார் இல்லை என்றது? அதற்காக ஆளாளுக்கு அவள் தலையில் மிளகாய் அரைக்கலாமா? நானும் அவளும் ஒன்றாக நர்ஸ் வேலைக்குச் சேர்ந்தவர்கள். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில், ஆண்கள் வார்டில், இரண்டு பேருக்கும் தலை நரைத்துவிட்டது. நான் வாயாடி, அவள் வாயில்லாப் பூச்சி. அதனால்தான் ஒத்துப்போனது.

எங்கள் செர்பிய வீடுகளில் வீட்டுக்கு ஒரு புனிதர் உண்டு. அவருடைய நாள்தான் அந்த வீட்டின் ஸ்லாவா. அன்றைக்கு மெழுகுவத்தி ஏற்றி, வேகவைத்த கோதுமையில் வால்நட்டும் சர்க்கரையும் கலந்து வைத்து, கதவைத் திறந்து வைத்தால் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். யாரையும் அழைக்கக் கூடாது. ஒருவரை ஆயுளில் ஒரே ஒரு தடவை அழைத்தால் போதும். பிறகு வருஷா வருஷம் தானாக வந்து சேரவேண்டியது அவர் கடமை. மறந்து போய் மறுபடி அழைத்துவிட்டால், "என்ன, எங்களை மரியாதை தெரியாதவங்கன்னு நெனச்சீங்களா?" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

மில்யானா வீட்டுப் புனிதர் நிக்கோலாஸ். டிசம்பரில், குளிர் எலும்புக்குள் இறங்குகிற சமயத்தில் வருவார். அவரோடு ஒரு தொல்லை, ஊரில் பாதி வீடுகளுக்கு அவர்தான் புனிதர். பாதிப் பேர் சமைப்பார்கள், மீதிப் பேர் போய்ச் சாப்பிடுவார்கள். ஆஸ்பத்திரிக்கு வர மட்டும் ஆள் இருக்காது. ஒவ்வொரு டிசம்பரிலும் ஷிஃப்ட் போடும்போது எங்கள் தலைமை சிஸ்டர் ஓல்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அப்போதே எங்களுக்குத் தெரிந்துவிடும், அடுத்து மில்யானாவைத்தான் பார்க்கப் போகிறார் என்று.

"உனக்கு வீட்ல பெருசா கூட்டம் ஒண்ணும் இல்லையேம்மா. மத்தவங்களுக்கு மாமனார், மாமியார், கொழுந்தன்னு இருபது பேர் வந்து உக்காருவாங்க. நீ கொஞ்சம் பாத்துக்கோயேன்."

இவளும் தலையாட்டிவிடுவாள்.

கூட்டம் இல்லாமல் போனது எதனால் என்று யாரும் கேட்கவில்லை. அவள் கணவன் திராகிஷா வியன்னாவுக்குக் கட்டட வேலைக்குப் போனவன், அங்கேயே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டு தங்கிவிட்டான். புனிதர் அவன் வழியாக வந்தவர். போனவன் புனிதர் படத்தைச் சுவரிலேயே விட்டுவிட்டுப் போனான். "கட்டின பொண்டாட்டியத்தான் விட்டான், சாமியையாவது எடுத்துட்டுப் போயிருக்கலாம்ல?" என்று நான் கத்தினேன். "அவரு மேல எதுக்குக் கோபப்படுற? அவரையும்தானே விட்டுட்டுப் போயிட்டான்" என்றாள் அவள். அந்த வருஷத்திலிருந்து நிக்கோலாஸ் அவள் பொறுப்பில்.

திராகிஷாவின் சொந்தக்காரர்கள் முதல் வருஷம் வந்து கதவைத் தட்டியிருக்கிறார்கள். அவள் வார்டில் இருந்தாள். அடுத்த வருஷமும் தட்டினார்கள். பூட்டிய கதவைப் பார்க்க எத்தனை வருஷம்தான் வருவார்கள்? நின்றுபோனார்கள். அவள் பக்கத்து உறவு என்று சொல்ல யாரும் உயிரோடு இல்லை.

மகள் துன்யாவை விட்டுவிட்டு வர ஆள் கிடையாது. அதனால் நிக்கோலாஸ் நாளில் துன்யாவும் வார்டுக்கு வருவாள். நர்ஸ்கள் அறையில், காப்பி அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைவாள். ஓல்கா சிஸ்டர் பார்த்தும் பார்க்காத மாதிரி போவார். மில்யானா வீட்டிலேயே சுட்ட ஸ்லாவா ரொட்டியைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருப்பாள். மேலே மாவில் பூவும் பறவையும் வைத்து அவ்வளவு அழகாக இருக்கும். காலை ஊசி, மாத்திரை, படுக்கை மாற்றுவது எல்லாம் முடிந்த பிறகு ரொட்டி உடைப்பார்கள்.

அந்த ரொட்டியைத் தனியாக உடைக்க முடியாது. ஒருவர் ஒரு பக்கம், இன்னொருவர் மறுபக்கம் பிடித்துச் சுற்ற வேண்டும். வீட்டுக்காரர் "கிறிஸ்து நம் நடுவில்" என்று சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவர் "இருக்கிறார், இருப்பார்" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்ல ஆள் இல்லாவிட்டால் அந்த வார்த்தை அந்தரத்தில் தொங்கும். துன்யாவுக்கு அப்போது கை எட்டாது. எழுந்து நிற்கத் தெம்புள்ள நோயாளி யாரோ அவரைக் கூப்பிடுவாள் மில்யானா. ஒரு வருஷம் குளூக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் நானே பிடிப்பேன் என்று அடம்பிடித்தார். அவர் ஒற்றைக் கையால் ரொட்டியைப் பிடிக்க, துன்யா குளூக்கோஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இருக்கிறார், இருப்பார்" என்று வார்டே சேர்ந்து கத்தியது. கத்தின வேகத்தில் இருமல் வராதவன் ஒருத்தன் பாக்கியில்லை.

பள்ளிக்கூடத்தில் டீச்சர், உங்கள் வீட்டுப் புனிதர் யார் என்று கேட்டிருக்கிறார். "நிக்கோலாஸ். அவரு ஆஸ்பத்திரில ரெண்டாவது மாடியில இருக்காரு" என்றாளாம் துன்யா. இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம். மில்யானாவும் சிரிப்பாள், கொஞ்சம் தாமதமாக.

படிப்பு முடிந்ததும் துன்யா நர்ஸ் வேலைக்கே போகிறேன் என்றாள். மில்யானா அன்றைக்குத்தான் குரலை உயர்த்தினாள் என்று நினைக்கிறேன். "வேற எதுவும் கெடைக்கலையா? பல் டாக்டருக்குப் படி. கடை வை. மாடு மேய்!" கேட்டாளா? பெல்கிரேடில் எலும்பு முறிவு வார்டில் சேர்ந்தாள். போன அக்டோபரில் வீட்டுக்கு வந்தபோது, ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்கு எல்லாம் சரியாகிவிட்டது, புது வருஷம் பிறந்ததும் கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் மில்யானா நேராக ஓல்கா சிஸ்டரிடம் போனாள். நான் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் நின்றேன்.

"இந்த நிக்கோலாஸ் நாளுக்கு நான் வர மாட்டேன் சிஸ்டர்."

ஓல்கா கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தினார். "ஏம்மா, உடம்புக்கு முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கேன். வீட்ல ஸ்லாவா வைக்கிறேன்."

"வீட்லயா?" என்றார் ஓல்கா. ஏதோ ஆஸ்பத்திரிக் கூரையில் வைக்கிறேன் என்று சொன்ன மாதிரி.

அவர் அடுத்த வார்த்தை பேசுவதற்குள், அவள் ஷிஃப்டை நான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கு என்ன, என் வீட்டுப் புனிதர் மிக்கேல். அவர் நவம்பரிலேயே வந்து தின்றுவிட்டுப் போய்விடுவார்.

காப்பி குடிக்கும்போது மில்யானா என்னிடம் மட்டும் சொன்னாள்: "அவ வெளிநாட்டுக்குப் போறதுக்குள்ள ஒரு தடவையாவது வீட்ல உக்காந்து ஸ்லாவா சாப்பிடணும் ராடா. நம்ம மேசையில, நம்ம தட்டுல. ரொட்டிய அவ பிடிக்கணும். அவ்வளவுதான் எனக்கு."

"அப்ப வர்றதுக்கு ஆளுங்க?"

"வருவாங்க."

"எங்கேருந்துடி வருவாங்க? பூட்டின கதவப் பாத்துப் பாத்து உன் வீடு எந்தத் தெருவுலன்னே மறந்திருப்பாங்க. நாலு பேருக்குச் சொல்லு."

"சொல்லி வரவச்சா அது ஸ்லாவாவா, கல்யாண ரிசெப்ஷனா? திராகிஷா ஆளுங்களெல்லாம் ஏற்கெனவே கூப்பிட்டவங்க. மறுபடி கூப்பிட்டா தப்பா நினைப்பாங்க."

"சரி, வார்டுல நான் காதுல போட்டு வைக்கிறேன்."

"ராடா, நீ வாயைத் திறந்தே, நான் உன்கூடப் பேசவே மாட்டேன்."

அவள் அப்படிச் சொன்னால் சொன்னதுதான். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த ஒரே சமயம் அதுதான். இன்றைக்கு நினைத்தாலும் எரிகிறது, மூடியிருக்கவே கூடாது.

டிசம்பர் முழுக்க அவள் வேறு ஆளாக இருந்தாள். திரைச்சீலையைத் துவைத்தாள். பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலிகள் வாங்கி வைத்தாள். அது நோன்புக் காலம், இறைச்சி, முட்டை, பால் எதுவும் ஆகாது, மீன் மட்டும் ஆகும். கெண்டை மீனைப் பொரிக்கலாமா சுடலாமா என்று ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே என்னைக் கேட்டாள். ஊசிக்குக் கையை நீட்டியிருந்த நோயாளி, "பொரிச்சிடுங்க சிஸ்டர்" என்று பதில் சொன்னார். அரிசியும் வால்நட்டும் வைத்த முட்டைக்கோஸ் உருண்டைகள் ஒரு பெரிய பானை, சுட்ட பீன்ஸ் ஒரு சட்டி. முந்தின நாள் ராத்திரி துன்யாவே போன் பண்ணி, மத்தியான பஸ்ஸில் வந்துவிடுகிறேன் என்று சொன்னாளாம். மில்யானாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நிக்கோலாஸ் நாளன்று நான் வார்டில் இருந்தேன். காலையிலிருந்தே ஆட்கள் வந்தார்கள், ஆனால் வார்டுக்கு. போன வருஷம் நெஞ்சு வலியோடு எங்களிடம் கிடந்துவிட்டுப் போனவர் ஒரு புட்டி பிளம் சாராயத்தோடு வந்தார். "எங்க நம்ம மில்யானா சிஸ்டர்? ஸ்லாவா வாழ்த்துச் சொல்ல வந்தேன்." பிறகு எக்ஸ்ரே பெண், கீழே வாசலில் நிற்கும் காவல்காரர், சமையலறை ஆள். ஒவ்வொருத்தராக நர்ஸ்கள் அறையில் தலையை நீட்டினார்கள். வருஷா வருஷம் இங்கேதானே கோதுமையும் ரொட்டியும் கிடைக்கும்!

"அவ வீட்ல இருக்கா. அங்க போங்க" என்றேன் எல்லாரிடமும். நானாக வாயைத் திறக்கவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

"வீட்டுக்கா?" என்று தலையைச் சொறிந்தார் சாராயப் புட்டிக்காரர். "அவங்க வீட்டுக்கு என்னை எப்பவும் கூப்பிட்டதில்லையேம்மா. கூப்பிடாத வீட்டுக்கு எப்படிப் போறது?" புட்டியை மேசையில் வைத்தார். "இத அவங்ககிட்ட குடுத்துடுங்க."

எல்லாரும் அதையே சொன்னார்கள். அழைக்கப்பட்டவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். வருகிறவர்கள் அழைக்கப்படவில்லை. சரி, துன்யாவாவது வருகிறாளே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அப்போதுதான் என் போன் அடித்தது.

"ராடா சித்தி, நான் துன்யா." பின்னால் வண்டி உருளும் சத்தம், யாரோ சிஸ்டர் சிஸ்டர் என்று கூப்பிடும் சத்தம். பஸ்ஸில் அப்படிக் கூப்பிட மாட்டார்களே.

"எங்கடி இருக்கே?"

"வார்டுல. சித்தி, என்னால வர முடியல. கூட வேலை செய்யிற பொண்ணு ஒருத்தி, அவளுக்கும் இன்னிக்குத்தான் ஸ்லாவா. புருஷன் கூட இல்ல. ஷிஃப்டுல அவளப் போட்டுட்டாங்க. பொண்ணுக்கு ஆறு வயசு. அதையும் கூட்டிட்டுத்தான் வரணும்னு நின்னா. நான் மாத்திக்கிட்டேன்."

"உனக்கு அறிவிருக்காடி? உங்கம்மா நாலு நாளா அடுப்பை விட்டு நகரல! இந்த ஒரு நாளுக்காக..."

"தெரியும் சித்தி. ஆனா அந்தப் புள்ள நர்ஸ் ரூம்ல உக்காந்து படம் வரையும்னு நெனச்சா... நான் உக்காந்திருக்கேன்ல. எப்படி முடியாதுன்னு சொல்றது? அம்மாவா இருந்தாலும் இதத்தானே பண்ணியிருப்பா?"

மேசையில் இருந்த சாராயப் புட்டியை எடுத்து ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

"நீங்க அம்மாகிட்ட சொல்லிடறீங்களா?"

"நான் சொல்ல மாட்டேன். நீ பண்ணதுக்கு நீயே சொல்லு" என்று வைத்துவிட்டேன். பிறகு மாத்திரை எடுத்துக் கொடுக்கப் போனேன். ஒவ்வொன்றையும் மறுபடி மறுபடி சரிபார்த்தேன்.

ஷிஃப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராக மில்யானா வீட்டுக்கு நடந்தேன். பனி பெய்துகொண்டிருந்தது. இரண்டு கையிலும் அவளுக்கு வந்த புட்டிகள், குடிகாரியைப் போல கலகலவென்று போனேன். மணியில் கை வைப்பதற்குள் கதவு திறந்தது. அவள் கதவுக்குப் பின்னாலேயே நின்றிருக்கிறாள்.

நீல கவுன் போட்டு, முடியைச் சுருட்டி, உதட்டுச் சாயம் பூசியிருந்தாள். இத்தனை வருஷத்தில் நான் அவளை உதட்டுச் சாயத்தோடு பார்த்ததே இல்லை. என் முகத்தைப் பார்த்ததும் அவள் கண் என் தோளுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தது. பிறகுதான் "உள்ள வா, பனியா இருக்கு" என்றாள்.

இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தாள். தட்டுகள் வரிசையாக, கவிழ்த்த கண்ணாடிக் கோப்பைகள் வரிசையாக. மீன் தட்டில் எலுமிச்சைத் துண்டுகள் சுருங்கிப்போயிருந்தன. புனிதர் படத்துக்குக் கீழே மெழுகுவத்தி பாதிக்கு மேல் எரிந்திருந்தது. அதன் பக்கத்தில் ரொட்டி, பூவும் பறவையுமாக, முழுசாக.

"யாருமே வரலையா?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"வந்தாங்களே. கரண்ட் மீட்டர் பாக்குற ஆள் வந்தார்." அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "புடிச்சு உக்கார வச்சேன். கோதுமை சாப்பிட்டார், ஒரு உருண்டை சாப்பிட்டார். ரொட்டியப் பிடிங்கன்னு கேக்கலாம்னு பாத்தேன். அதுக்குள்ள எந்திரிச்சுட்டார். 'எனக்கும் இன்னிக்கு ஸ்லாவாம்மா, வீட்ல காத்திருப்பாங்க'ன்னுட்டார். அவர் மேல தப்பு சொல்ல முடியுமா?"

நான் கோதுமையில் ஒரு கரண்டி எடுத்து, சிலுவை போட்டு, வாயில் போட்டேன்.

"துன்யா பேசினாளா?"

மில்யானா நாற்காலியில் உட்கார்ந்தாள். "பேசினா. காலைல வர முடியாதுன்னு சொன்னா. அந்தப் பொண்ணோட புள்ளையப் பத்திச் சொன்னா. நான் என்ன சொல்றது? நல்லது பண்ணேன்னு சொன்னேன். வேற என்ன சொல்ல முடியும், சொல்லு." மேசைத் துணியின் சுருக்கத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "சாயங்காலம் மறுபடி பேசினா. பேக்கரியில சின்னதா ஒரு ரொட்டி வாங்கிட்டு வந்தாளாம். இடுப்பு ஒடஞ்சு கெடக்குற பெரியவர் ஒருத்தர், படுக்கையில சாஞ்சபடி மறுபக்கத்தப் பிடிச்சாராம். வார்டே சேர்ந்து பதில் சொல்லிச்சாம். எப்படிச் சிரிக்கிறா தெரியுமா ராடா, சின்னப் புள்ள மாதிரி. 'அம்மா, அப்படியே நம்ம ஸ்லாவா மாதிரியே இருந்துச்சும்மா' அப்படிங்கிறா."

கரண்டியை மேசையில் வைத்துவிட்டு நானும் உட்கார்ந்தேன்.

"அவ அழுதிருந்தா நல்லா இருந்திருக்கும். வீட்டுக்கு வர முடியலையேன்னு ஒரு சொட்டு அழுதிருந்தா, நான் தேத்தியிருப்பேன். அவ ஏங்கவே இல்ல ராடா. எதுக்கு ஏங்குவா? இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சாத்தானே ஏங்க முடியும்?" மேசையைக் காட்டினாள், அந்தத் தட்டுகளையெல்லாம். "நான் அவளுக்குக் காட்டவே இல்லையே."

எனக்கு யார் யார் மேலேயோ கோபம் வந்தது. திராகிஷா மேல், ஓல்காவின் கண்ணாடி மேல், புனிதர் மேல்கூட. அதையெல்லாம் அப்போது கத்தி என்ன ஆகப் போகிறது? எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்து அவள் எதிரில் நின்றேன்.

"எந்திரி. ரொட்டிய எடு."

"நீ களைச்சுப் போய் வந்திருக்கே."

"எந்திரிடி. நாள் முடியப்போகுது."

ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துச் சுற்றினோம். அவள் ரொட்டியில் சிலுவையாக வெட்டி, அந்தக் கோட்டில் சிவப்பு ஒயின் ஊற்றினாள். "கிறிஸ்து நம் நடுவில்" என்றாள். அந்தப் பெரிய மேசையின் முன்னால் அவள் குரல் மிகவும் சின்னதாக இருந்தது. "இருக்கிறார், இருப்பார்" என்று நான் வேண்டுமென்றே உரக்கச் சொன்னேன், வார்டில் சொல்கிற மாதிரி. மூன்று தடவை சொன்னோம். ரொட்டி நன்றாகக் காய்ந்திருந்தது. இரண்டு பேரும் பலம் கொடுத்துத்தான் உடைத்தோம்.

சாப்பிட்டோம். நான் மூன்று உருண்டை தின்றேன், இரண்டு பசியால், ஒன்று அவளுக்காக. ரொட்டியின் பாதியைத் துணியில் சுற்றி எடுத்து வைத்தாள். காலை பஸ் டிரைவரிடம் கொடுத்துவிட்டால் பெல்கிரேடில் துன்யா வாங்கிக்கொள்வாள் என்றாள். அதையும் துன்யா வார்டில்தான் பங்கு வைப்பாள் என்று என் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

கோட்டை மாட்டிக்கொண்டு, அவளைச் சீண்டத்தான் கேட்டேன்: "நானும் கூப்பிடாமதான் வந்திருக்கேன், தெரியுமா? என்னை ஒரு தடவைகூட நீ கூப்பிட்டதில்ல. கூப்பிட்டுடு, ஆயுசுக்கும் வந்து தின்னுட்டுப் போறேன்."

"கூப்பிட்டாச்சு போ" என்றாள், கொஞ்சம் சிரித்து. "இனிமே கூப்பிட மாட்டேன். மறந்தா உன் பாடு."

கிளம்புவதற்கு முன் வீட்டுக்காரி மெழுகுவத்தியை ஒயினால் அணைக்க வேண்டும், அதுதான் முறை. அதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கதவருகில் நின்றேன். அவள் ஒயின் கோப்பையைக் கையில் எடுத்தாள். மெழுகுவத்தியைப் பார்த்தாள், பிறகு கதவைப் பார்த்தாள். கோப்பையைத் திரும்ப மேசையில் வைத்துவிட்டாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் எரியட்டும் ராடா. யாராவது வந்தா?"

நான் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, மறுபடியும் உட்கார்ந்தேன்.